சமையல் மேடைக்கு மரப்பலகை: எங்கே போடலாம், எங்கே கூடாது, எப்படிப் பொருத்துவது

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோவையில் புது வீடு, ‘எல்’ வடிவச் சமையலறை. ஜன்னல் சுவரில் 8 அடி மேடை, அதில் சிங்க். பக்கத்துச் சுவரில், மூலையைக் கழித்து, 6 அடி. அடுப்பு அதில்தான் வருகிறது. கீழே பிளைவுட் பெட்டிகள் பொருத்தியாகிவிட்டன. மேலே கிரானைட்டுக்குப் பதில் தேக்குப் பலகை போட ஆசை. ஆசாரியோ, “மரமெல்லாம் கிச்சனுக்கு ஆகாதுங்க, ஒரே வருசத்துல வெடிச்சுரும்” என்கிறார். போடலாமா, நாமே போட முடியுமா, எந்த மரம், எந்த எண்ணெய் என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடலாம். கையில் கொஞ்சம் வேலை பழகியவர் என்றால் நீங்களே போடலாம். ஆனால் 14 அடியும் மரமாக வேண்டாம். சிங்க் இருக்கும் 8 அடியைக் கல்லுக்கே விட்டுவிடுங்கள். 6 அடிக் கையிலும் கடைசி இரண்டரை அடி, அதாவது அடுப்பு உட்காரும் இடம், கல்லாகவே இருக்கட்டும். மிச்சம் மூன்றரை அடி. சிங்கில் கழுவி அடுப்புக்குப் போகும் வழியில் காய் நறுக்குவது, மாவு பிசைவது, சப்பாத்தி தேய்ப்பது எல்லாம் நடக்கிற இடம் அதுதான். அதை மட்டும் மரமாக்குங்கள். செலவு குறைகிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. பொருத்துவதில் வரும் பெரிய தலைவலி ஒன்று இதில் தானாகவே ஒழிகிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் ஆசாரி சொன்ன வெடிப்பு. அவர் சும்மா சொல்லவில்லை, அவர் பார்த்த பலகைகள் வெடித்திருக்கும். மரம் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு விரியும், வெயில் காலத்தில் விட்டுவிட்டுச் சுருங்கும். ஐப்பசியில் கதவு இறுகுவதும் பங்குனியில் தானாகத் தளர்வதும் இதனால்தான். இதில் கவனிக்க வேண்டியது திசை. ரேகை ஓடும் நீளவாக்கில் மரம் கிட்டத்தட்ட அசையவே அசையாது. குறுக்குவாக்கில்தான் எல்லா அசைவும். 24 அங்குல அகலமுள்ள தேக்குப் பலகையில் ஈரம் 4 சதவீதம் ஏறி இறங்கினால், அறுத்த விதத்தைப் பொறுத்து, அகலம் சுமார் இரண்டரை முதல் நாலரை மில்லிமீட்டர் வரை மாறும். தேக்கு இதில் சாது. வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுகிற பீச் மரம் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அசையும். நாலு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் பலகையை முன்னாலும் பின்னாலும் அசையாதபடி ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிட்டால், சுருங்க இடமில்லாமல் அது ரேகையோடு பிளக்கும். விரிய இடமில்லாமல் சுவரில் முட்டினால் நடுவில் உப்பும். ஆசாரி பார்த்த வெடிப்புகளில் பெரும்பாலானவை இந்த வகையாகத்தான் இருக்கும். குற்றவாளி மரம் இல்லை, ஸ்க்ரூ.

சரி, மரம் எது?

தேக்கு முதல் தேர்வு, சந்தேகமே இல்லை. இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு, கறையான் சீக்கிரம் தொடாது, அசைவு குறைவு. புதிதாக அறுத்த தோட்டத் தேக்கில் வெளுத்த வெளிமரம் நிறையக் கலந்து வரும். அந்த வெளுப்புக்குத் தேக்கின் குணம் எதுவும் கிடையாது, பூச்சியும் பிடிக்கும். கடையில் பலகையைப் பார்க்கும்போதே வெளுப்பு உள்ளதைத் தள்ளிவிடுங்கள். என்னைக் கேட்டால் பழைய வீடு இடித்த தேக்குதான் மேடைக்கு மிக நல்லது. காரைக்குடிப் பக்கம் பழைய உத்திரம், நிலை, கதவு எல்லாம் விற்கிறார்கள். பல்லாண்டு காய்ந்த மரம், இனிமேல் திருகிக்கொள்ளும் வேலையை அவ்வளவாகச் செய்யாது. ஆனால் உள்ளே முறிந்த ஆணி இருக்கும். காந்தத்தையோ சிறிய மெட்டல் டிடெக்டரையோ வைத்துத் தடவிப் பார்க்காமல் இழைப்பு மெஷினில் விட்டால் பிளேடு போய்விடும். பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. வீட்டுக்குள் வைத்துத் தேய்க்காதீர்கள்.

பூவரசு கிடைத்தால் விடாதீர்கள். தண்ணீரைத் தாங்குகிற மரம், நடுமரம் சாக்லேட் நிறத்தில் அழகாக இருக்கும். பெரிய அளவில் கிடைப்பதுதான் கஷ்டம். பலாவும் நல்ல மரம். மஞ்சளாக வந்து வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாக மாறும். அதனால் ஆரம்ப நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். வேங்கை உறுதியில் தேக்குக்கு இளைத்ததல்ல. ஆனால் ஈரம் பட்டால் சாயம் விடும், வெள்ளைத் துணியும் மாவும் புழங்கும் மேடைக்கு அது சரிப்படாது. துண்டு துண்டாகக் கோத்து ஒட்டிய ரப்பர் மரப் பலகை இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறது, விலையும் குறைவு. ரப்பர் மரத்தைப் பூச்சி அரிக்காமல் இருக்கப் போரிக் உப்புகளில் ஊறவைப்பார்கள். அந்த உப்பு தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடும். ஈரம் படாத அலமாரிக்கு ஓகே, சமையல் மேடைக்கு வேண்டாம். பிளைவுட்டுக்கு மேல் தேக்கு வெனீர் ஒட்டித் தருகிறேன் என்பார்கள், அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அரை மில்லிமீட்டர் தோலை ஒருதரம் தேய்த்தாலே அடி தெரிந்துவிடும்.

ஒரே பலகையாக 24 அங்குல அகலம் தேட வேண்டியதில்லை. மூன்று, நான்கு அங்குலப் பட்டைகளாக அறுத்து ஒட்டினால்தான் வளையாமல் நிற்கும். ஒன்றரை அங்குல கனம் போதும். ஒட்டுவதற்குச் சாதாரண வெள்ளைப் பசை கூடாது, தண்ணீர் தாங்கும் வகை, மரைன் என்று கேட்டு வாங்குங்கள். தேக்கின் எண்ணெய்ப் பசை பசையைப் பிடிக்க விடாது. ஒட்டும் முகங்களைப் புதிதாக இழைத்து, தின்னரில் துடைத்து, அது உலர்ந்ததும் தாமதிக்காமல் ஒட்ட வேண்டும். இந்த ஒரு வேலையை மட்டும் மரக்கடையில் கொடுத்துச் செய்துகொள்வது நல்லது. நீளமான கிளாம்ப் ஏழெட்டு நம் வீட்டில் இருக்காது.

ஒட்டிய பலகை வந்ததும் உடனே தூக்கி மேலே வைக்காதீர்கள். ஒன்றிரண்டு வாரம் அந்தச் சமையலறையிலேயே கிடக்கட்டும். தரையில் நாலு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து, அதன் மேல் படுக்கையாக. அடியிலும் காற்று போக வேண்டும். சுவரில் சாய்த்து வைத்தால் வளையும், பிளாஸ்டிக் சுற்றி வைத்தால் இந்தக் காத்திருப்புக்கே அர்த்தமில்லை. ஈரம் பார்க்கும் மீட்டர் கிடைத்தால் குத்திப் பாருங்கள். கோவைக்கு 10–12 சதவீதம் இருந்தால் நிம்மதி. 16, 18 என்று காட்டினால் அது காயாத மரம், இன்னும் காய விடுங்கள். சென்னை, நாகை மாதிரி கடலோர ஊர்க்காரர்கள் இன்னும் ஓரிரு புள்ளி கூட எதிர்பார்க்கலாம். வீடு புதிது என்றால் சிமென்ட் பூச்சும் சுவரும் நன்றாக உலர்ந்த பிறகே மரத்தை உள்ளே கொண்டுவாருங்கள்.

வெட்டுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுவர் நேராக இருக்கும் என்று நம்பாமல் அட்டையில் அச்சு எடுத்து, அதைப் பலகையில் வைத்துக் கோடு போடுங்கள். கையில் பிடிக்கும் வட்ட ரம்பத்தின் பல் கீழிருந்து மேலே வெட்டும். அதனால் பலகையைக் கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கத்திலிருந்து வெட்டினால் மேல்முகம் சிதறாது. ஷட்டரை, அதாவது பெட்டியின் கதவை, தாண்டி முன்பக்கம் 20 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கட்டும். அந்த நீட்டலின் அடியில், விளிம்பிலிருந்து ஒரு விரல்கடை உள்ளே, நீளம் முழுக்க மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு காடி இழுத்துவிடுங்கள். மேலே கொட்டிய தண்ணீர் விளிம்பில் வழிந்து, அடியில் ஊர்ந்து, ஷட்டருக்கும் பிளைவுட்டுக்கும் போவதை அந்தக் காடி தடுத்துச் சொட்ட வைக்கும். நம் ஜன்னல் சன்ஷேடுகளின் அடியில் கொத்தனார் போடுகிறாரே, அதே காடிதான்.

இனி பொருத்துவது. முதலில் பெட்டிகளின் மேல்மட்டத்தை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பள்ளம் இருந்தால் பெட்டியின் கால்களைத் திருகிச் சரிசெய்யுங்கள், மரத்தை இழுத்துப் பிடித்துச் சரிசெய்ய வேண்டாம். பெட்டியின் தலையில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு பிளைவுட் பட்டைகள் ஓடும். அடியிலிருந்து ஸ்க்ரூ ஏறுவது இந்தப் பட்டைகள் வழியாகத்தான். முன்பட்டையில் ஸ்க்ரூ அளவுக்கே துளை போடுங்கள். பின்பட்டையில், சுவரை நோக்கி நீண்ட ஓவல் துளை, குறைந்தது பத்து மில்லிமீட்டர் நீளம். அதில் வாஷர் வைத்து ஸ்க்ரூ போட்டு, இறுக்கிவிட்டு, பின்னர் கால் சுற்று தளர்த்துங்கள். இப்படிச் செய்தால் முன்விளிம்பு எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும், விரிவதும் சுருங்குவதும் பின்பக்கமாக நடக்கும். அதற்காகச் சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஐந்து, ஆறு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதன் மேல் டைல்ஸோ நாலு அங்குலப் பட்டியோ வந்து மூடட்டும். அந்த இடைவெளியில் சிமென்ட் வைத்து அடைக்க டைல்ஸ்காரர் துடிப்பார், விடாதீர்கள். பட்டைக்கும் பலகைக்கும் நடுவே பசை எதுவும் வேண்டாம். ஸ்க்ரூவின் நீளத்தையும் ஒருதரம் அளந்துகொள்ளுங்கள், பட்டையைத் தாண்டி மரத்துக்குள் 25 மில்லிமீட்டருக்கு மேல் ஏறக்கூடாது.

பிளைவுட் பெட்டி இல்லாமல் செங்கல் சுவரும் கடப்பாக் கல்லுமாக மேடை கட்டியவர்களும் இதைக் கேட்பதுண்டு. கல்லின் மேல் மரத்தை நேராகப் படுக்க வைத்தால் அடியில் ஈரம் தங்கி, மேலே காய்ந்து, பலகை கிண்ணமாக வளையும். அரை அங்குல ரீப்பர்களைக் குறுக்கே வைத்து, அதில் ஓவல் துளை போட்டுப் பலகையைப் பிடியுங்கள். காற்று போக வழி இருக்கும்.

மேலே சொன்ன தலைவலிக்கு வருகிறேன். இரண்டு கையும் மரமாக இருந்தால் மூலையில் ஒன்றின் முனை மற்றொன்றின் பக்கவாட்டில் வந்து முட்டும். ஒன்று அகலத்தில் விரியும் திசையில் மற்றொன்று அசையாது. படச்சட்டம் மாதிரி 45 பாகையில் வெட்டிச் சேர்த்தால் ஒரு மழைக்காலத்தில் வெளிமூலை திறக்கும், கோடையில் உள்மூலை திறக்கும். ஒட்டினால் வெடிக்கும். நான் சொன்ன அமைப்பில் உங்கள் மூன்றரை அடிப் பலகையின் இரண்டு முனைகளும் கல்லைத்தான் சந்திக்கின்றன. நீளவாக்கில் மரம் அசையாது என்பதால் அந்த இரண்டு இணைப்பும் அப்படியே நிற்கும். மூன்று மில்லிமீட்டர் விட்டு, பூஞ்சை பிடிக்காத சானிட்டரி சிலிகானை நிரப்பினால் போதும். மட்டம் ஒன்றாக வர, 18 மில்லிமீட்டர் கிரானைட்டின் அடியில் 19 மில்லிமீட்டர் பிளைவுட் கொடுக்கச் சொல்லுங்கள், ஒன்றரை அங்குல மரத்துக்குக் கிட்டத்தட்டச் சரியாக வரும். மீதி ஒரு மில்லிமீட்டரைச் சிலிகான் சரிக்கட்டும்.

ஆனால் அந்த இரண்டு முனைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை உண்டு. மரத்தின் குழாய்கள் திறப்பது முனையில்தான். பக்கவாட்டைவிடப் பலமடங்கு வேகமாக முனை தண்ணீரைக் குடிக்கும். ஆகவே பொருத்துவதற்கு முன்பே முனைகளுக்கு எபாக்ஸி (தண்ணீர் புகாத பிசின்) இரண்டு கோட் கொடுங்கள். முதல் கோட்டை மரம் உறிஞ்சிவிடும், இரண்டாவதுதான் மேலே நிற்கும். “இல்லை, சிங்க் பக்கமும் மரம்தான் வேண்டும்” என்று இருப்பவர்களுக்கும் இதே பாடம்: சிங்குக்காக வெட்டிய ஓட்டையைச் சுற்றி நான்கு பக்கமும் எபாக்ஸி, விளிம்பு மரத்தின் மேல் உட்காரும் வகை சிங்க், குழாயைச் சிங்கின் எவர்சில்வரிலேயே பொருத்துவது, மரத்தில் துளை போடாமல் இருப்பது. அடியிலிருந்து மாட்டும் சிங்க் மரத்துக்கு ஆகவே ஆகாது, வெட்டிய முனை நாள் முழுக்க நனைந்துகொண்டே இருக்கும்.

அடுப்புக்குக் கீழே ஏன் கல் என்றால், சாதாரணப் பாத்திரத்துக்குப் பிரச்சினை இல்லைதான். ஆனால் இட்லிக் கொப்பரையோ பெரிய அண்டாவோ பர்னரைவிட அகலமாக உட்கார்ந்தால் வெப்பம் கீழே திரும்பும். அரை மணி நேரம் அப்படி எரிந்தால் மரம் கருகாவிட்டாலும் எண்ணெய் காய்ந்து வெளிறிவிடும்.

பூச்சுக்கு வருவோம். 80, 120, 180 நம்பர் உப்புத்தாளில் வரிசையாகத் தேய்த்து, ஈரத்துணியால் ஒருதரம் துடையுங்கள். காய்ந்ததும் மயிர் மயிராக எழும். அதை 220இல் லேசாகத் தேய்த்து எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் முதல் நாள் தண்ணீர் கொட்டியதும் மேடை சொரசொரப்பாகிவிடும்.

எண்ணெய் விஷயத்தில் ஆளுக்கொன்று சொல்வார்கள். தேங்காய் எண்ணெய் மரத்தில் உலர்ந்து படலமாகாது, பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து வைக்கும். நல்லெண்ணெயும் கொஞ்ச நாளில் சிக்கு வாடை அடிக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் பாதுகாப்பானது, வாடை இல்லாதது, ஆனால் அதுவும் உலராது. சோப்புத் தண்ணீரில் போய்க்கொண்டே இருக்கும், நாமும் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அது காய் வெட்டும் கட்டைக்குச் சரி. ஆளிவிதை எண்ணெய் உலரும், ஆனால் பச்சையாகப் பூசினால் நாள்கணக்கில் இழுக்கும். ஹார்டுவேர் கடையில் ‘பாயில்டு’ என்று வருவதில் சீக்கிரம் உலர உலோக உப்பு சேர்த்திருப்பார்கள், உணவு படும் இடத்துக்கு அது வேண்டாம். மேடைக்கு என் ஓட்டு ஹார்டுவாக்ஸ் ஆயில் என்று விற்கும் எண்ணெய்-மெழுகுக் கலவைக்கு. விலை கூடத்தான், ஆனால் கொஞ்சம் தேய்த்தால் போதும். உணவு படும் இடத்துக்கு ஏற்றது என்று டப்பாவில் போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆசாரிகளுக்குப் பிடித்த ஸ்பிரிட் பாலிஷ் நாற்காலிக்கு அழகு. மேடையில் சூடான டம்ளர் வைத்தாலே வெள்ளை வளையம் விழும். பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சு பளபளக்கும், ஆனால் ஒரு கீறல் விழுந்து அதன் வழியே தண்ணீர் இறங்கினால் படலத்துக்கு அடியில் கறுக்கும். அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியாது, முழுதையும் தேய்த்தெடுக்க வேண்டும்.

எதைப் பூசினாலும் மேலே, கீழே, நான்கு விளிம்பு என ஆறு பக்கமும் பூச வேண்டும், பொருத்துவதற்கு முன்பே. கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தை விட்டுவிட்டால் ஈரம் அந்த வழியாக மட்டும் ஏறி இறங்கிப் பலகை வளையும். மெல்லியதாகப் பூசி, டப்பாவில் சொன்ன நேரத்துக்குள் மிச்சத்தைத் துடைத்து, மறுநாள் அடுத்த கோட். மழை நாளில் இரண்டு நாள் விடுங்கள்.

துடைத்த துணியைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெயில் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டால், உலரும்போது வரும் சூடு உள்ளேயே தங்கி, தீக்குச்சி இல்லாமலே தீப்பிடிக்கும். கதையல்ல, நிஜம். தண்ணீரில் முக்கி, விரித்து, வெளியில் ஒற்றையாகக் காயப் போட்ட பிறகே எறியுங்கள்.

மரத்தில் கிருமி தங்காதா என்று வீட்டில் கேட்பார்கள். 1990களில் அமெரிக்காவில் டீன் கிளைவர் என்ற ஆய்வாளர் இதே கேள்வியோடு வெட்டுக் கட்டைகளைச் சோதித்தார். மரத்துக்குள் இறங்கிய பாக்டீரியா பெருகாமல் செத்துப்போனதையும், கத்தி கீறிய பிளாஸ்டிக் கட்டையைச் சுத்தம் செய்வது கஷ்டமாக இருந்ததையும் கண்டார். அதற்காக மீனை மேடையில் வைத்து அரிய வேண்டாம், அதற்குத்தான் சிங்க் பக்கத்துக் கல் இருக்கிறது.

புழக்கத்தில் வரும் எதிரிகள் வேறு. ஆர்.ஓ. குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர், அடி ஈரமான தண்ணீர் கேன், வேர்க்கும் உப்பு ஜாடி, தண்ணீர் சிந்தும் கிரைண்டர். இவற்றைக் கல் பக்கம் வைத்துவிடுங்கள். குக்கரை இறக்கி வைக்கப் பிரிமணை ஒன்று அங்கேயே கிடக்கட்டும். மஞ்சள் கறையைப் பார்த்துப் பதற வேண்டாம், வெளிச்சம் படும் இடமானால் அது தானாகவே மங்கும். பயப்பட வேண்டியது இரும்புக்கு. கழுவிய தோசைக்கல்லை ஈரத்தோடு மரத்தில் இரவு முழுக்க வைத்தால், மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து மை போலக் கறுப்பு வட்டம் விழும், சோப்பால் போகாது. லேசான கறை என்றால் எலுமிச்சைச் சாறு தடவிப் பாருங்கள். மசியாவிட்டால் ஆக்ஸாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துத் தடவினால் வெளுக்கும். அது விஷம். கையுறை போட்டு, பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் செய்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை துடைத்தெடுங்கள். நன்றாக உலர்ந்ததும் அந்த இடத்தை மட்டும் 220இல் தேய்த்து, எண்ணெய் விட்டுவிடுங்கள்.

மறுபடி எண்ணெய் விடும் காலத்தைக் காலண்டர் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம். நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். முத்தாக நின்றால் இன்னும் காலம் இருக்கிறது. பரவி மரம் கறுத்தால் அன்று இரவே சமையல் முடிந்ததும் ஒரு கோட் கொடுத்துவிடுங்கள்.